கல், பகல், சங்கு

அன்புள்ள ஐயா,

மொழியின் ஒலியமைப்பை ஆராயும் ஒலியனியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். களப் பதிவுகள் இருந்த ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. நெறியாளர் தலைப்பை மாற்றச் சொல்கிறார். இந்தத் துறையில் வேலையும் குறைவு. ஒரே எழுத்துக்குப் பல ஒலி வைத்திருக்கும் குறையுள்ள எழுத்துமுறையோடு மல்லுக்கட்டியது போதும் என்று தோன்றுகிறது. விட்டுவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

கொஞ்ச நாளாக மொழியியலாளர் த்ருபெத்ஸ்கோய் நினைவாகவே இருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. வேலை விஷயத்தைத் துறைக்காரர்களிடம் கேளுங்கள்.

நிகொலாய் த்ருபெத்ஸ்கோய் 1890இல் மாஸ்கோவில் பிறந்தவர். முதல் கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு 15 வயது. ரஷ்ய உள்நாட்டுப் போரில் ஊர் ஊராக ஓடினார். கையெழுத்துப் பிரதிகள் ரஸ்தோவ் நகரிலேயே தங்கிவிட்டன. பல்கேரியாவின் சோஃபியாவுக்குப் போய், 1922இல் வியன்னாவில் பேராசிரியரானார். ப்ராக் நண்பர்களோடு சேர்ந்து ஒலியனியலைக் கட்டியெழுப்பியது அங்கிருந்துதான். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினான். இனவாதத்தை எதிர்த்து எழுதியவர் த்ருபெத்ஸ்கோய். ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ வீடு புகுந்து தாள்களை அள்ளிப்போனது. ஏற்கெனவே பலவீனமான இதயம்; ஜூன் 25 அன்று இறந்தார். அவருடைய பெரிய புத்தகம் 1939இல் முற்றுப்பெறாமலே வெளிவந்தது.

டிஸ்க் போனதற்கு அழுங்கள், தப்பில்லை. ஆனால் ‘குறையுள்ள எழுத்துமுறை’ என்றீர்களே, ஒலியனியல் படிப்பவர் பேசுகிற பேச்சா இது? கல், பகல், சங்கு என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கல்லில் ககரம் அடைத்து வெடிக்கிறது. பகலில் தளர்ந்து உரசுகிறது. சங்கில் குரல்நாண் அதிர்கிறது. பகலில் கல்லின் ககரத்தைப் போட்டால் வேறு சொல் பிறக்குமா? பிறக்காது, உச்சரிப்புதான் கோணலாகும். எங்கே எந்த ஒலி என்பதை இடமே தீர்மானித்துவிடுகிறது. அதனால் அது ஒரே ஒலியன், அதாவது பொருளைப் பிரித்துக் காட்டும் ஒரே ஒலி அலகு; ஒரே எழுத்து போதும். கலத்தையும் களத்தையும் பாருங்கள்: நாக்கு சற்றே வளைந்ததும் பொருள் மாறிவிடுகிறது, அங்கே இரண்டு எழுத்து. எந்த வேறுபாடு பொருளை மாற்றுகிறது என்று கேட்பதுதான் த்ருபெத்ஸ்கோய் போட்ட அஸ்திவாரம். நம் எழுத்தை அமைத்தவர்கள் இதைக் காதால் அறிந்திருந்தார்கள். நீங்கள் அதைக் குறை என்கிறீர்கள்!

இன்று கடன்சொற்கள் இந்த ஒழுங்கைக் கலைக்கின்றன. ஒளி என்ற பொருளில் வரும் காந்தியும் மகாத்மா காந்தியும் எழுத்தில் ஒன்று. பலர் வாயில் முதல் ஒலி வேறு. யார் வாயில், எந்த வயதில், எந்த ஊரில்? ஆய்வுக்கு இதைவிட என்ன வேண்டும்? தலைப்பை மாற்றாதீர்கள். முன்பு பேசிக்கொடுத்தவர்களிடமே போய் மறுபடி பதிவு செய்யுங்கள். அன்றன்று மாலையே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.