பட்டறைக் கூலியும் பள்ளிப் படிப்பும்

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். கோடை விடுமுறையில் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் தாய்மாமனின் கொலுசுப் பட்டறைக்குப் போய் வந்தவன், வாரக் கூலியைக் கையில் வாங்கியதிலிருந்து புத்தகத்தைத் தொட மறுக்கிறான். ‘பி.இ. முடித்த எதிர்வீட்டு அண்ணனே வேலையில்லாமல் இருக்கும்போது நான் படித்து என்ன ஆகப் போகிறது?’ என்று கேட்கிறான். திட்டியும் கெஞ்சியும் பார்த்துவிட்டோம்.
- ஒரு தாய், குகை, சேலம்.

பதில்: சகோதரி, பட்டறை வேலையை மட்டமாகப் பேசி அவனைப் பள்ளிக்குத் திருப்ப முயலாதீர்கள். அந்த வேலைதான் மாமனின் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது என்பதை அவன் நேரில் பார்த்திருக்கிறான். அதை இழிவாகச் சொல்பவர்களின் அறிவுரை எதுவும் அவன் காதில் ஏறாது. எதிர்வீட்டுப் பையனைப் பற்றிய கேள்வியும் நியாயமானதே. பட்டம் பெற்றவுடன் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடுவதில்லை என்பதை ஒப்புக்கொண்டுவிட்டுப் பேசினால்தான் நீங்கள் அடுத்துச் சொல்வதை நம்புவான்.

இந்த விஷயத்தில் உங்களைவிட மாமனின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை உட்காரவைத்துப் பட்டறைக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். அன்றைய வெள்ளி விலை, சேதாரம், ஆட்களின் கூலி, விற்பனைக்கான 3 சதவீத ஜிஎஸ்டி, வெளிமாநில வியாபாரியிடம் நிற்கும் பாக்கி ஆகிய எல்லாவற்றையும் அவனே கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும். வெள்ளி விலை திடீரென்று ஏறினால் ஆர்டர் குறைகிறது; ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது கூலிக்காரரின் வாரக் கூலிதான். கணக்கு எழுதவும், கணினியில் டிசைன் போடவும், வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கவும் தெரிந்தவரால் அந்த மந்தமான மாதங்களைச் சமாளிக்க முடிகிறது. தனி அடையாள எண்ணுடன் கூடிய ஹால்மார்க் முத்திரை 2025 செப்டம்பர் முதல் வெள்ளி நகைகளுக்கும் வந்திருக்கிறது. அது இன்னும் கட்டாயமாக்கப்படவில்லை என்றாலும், இந்தத் தொழில் கைப்பழக்கத்தோடு நின்றுவிடப் போவதில்லை என்பதை அவனுக்கு உணர்த்த அது ஒன்றே போதும்.

பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளை அபாயகரமான வேலைகளில் ஈடுபடுத்தச் சட்டம் தடை விதிக்கிறது என்பதையும் உங்கள் தம்பியிடம் சொல்லிவையுங்கள். பற்றவைக்கும் நெருப்புக்கும் அமிலத்துக்கும் அருகில் அவன் நிற்கவே கூடாது.

உயர்கல்வி என்றாலே பி.இ. என்று அவன் எண்ணியிருப்பதுபோல் தெரிகிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் ஐடிஐ இருக்கிறது, மூன்றாண்டு டிப்ளமோ தரும் பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளமோ முடித்தவர் விரும்பினால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டறையை எடுத்து நடத்தும் ஆசை இருந்தால் பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்து பி.காம். படிக்கட்டும். நெசவுத் தொழிலுக்கென்றே நம் சேலத்தில் 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இயங்கிவருவதை அவனுக்குச் சொல்லுங்கள். குலத்தொழிலையும் கல்லூரிப் படிப்பையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. செலவுக்கு அஞ்சாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவருக்கு, 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது, பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் பெற்றால் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஒருவேளை பொதுத்தேர்வில் ஒரு பாடம் போய்விட்டாலும் அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு. அதைக் காரணமாக வைத்துப் பட்டறைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலை செய்யும் பழங்குடிக் குடும்பம். மகள் பிளஸ் டூ தேறிவிட்டாள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் ஏறி இறங்க முடியாது என்று கல்லூரியே வேண்டாம் என்கிறாள்.
- ஒரு தந்தை, ஏற்காடு.

பதில்: ஐயா, அவள் மறுப்பது பயணத்தையா படிப்பையா என்று முதலில் கேட்டறியுங்கள். பயணம் என்றால் பழங்குடியின மாணவியருக்கான அரசு விடுதியில் தங்கிப் படிக்கலாம். அரசு மகளிர் கலைக் கல்லூரி மலையடிவாரப் பக்கம் கோரிமேட்டிலேயே இருக்கிறது. மகளை அழைத்துச் சென்று கல்லூரியையும் விடுதியையும் காட்டுங்கள். அங்கே படிக்கும் மலைக்கிராமத்துப் பெண்கள் இருந்தால் அவர்களோடு சற்று நேரம் பேசவிடுங்கள். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கல்வி உதவித்தொகைக்கு வேண்டும். விண்ணப்பம் தொடங்கும் முன்பே அவற்றை எடுத்துவையுங்கள். அவள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவள் வங்கிக் கணக்குக்கே வரும்.