மணிக்கு 300 யென்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சிபாரிசு செய்தீர்களே என்று பதிமூன்று வயது மகனோடு உட்கார்ந்து 'மாப் சைக்கோ 100' என்ற ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடரின் மூன்று சீசனையும் பார்த்து முடித்தேன். அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும்தான், ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. மாப் என்ற பையனுக்கு உண்மையிலேயே மனோசக்தி இருக்கிறது. அவன் குருவாக நினைக்கும் ரெய்கெனுக்கு ஒரு சக்தியும் கிடையாது. பேய் ஓட்டுகிறேன் என்று ஆபீஸ் திறந்து வைத்துக்கொண்டு சமையல் உப்பைத் தூவுகிறான். நிஜமாகவே பேய் வந்துவிட்டால் பையனை முன்னால் தள்ளிவிடுகிறான். அதற்குக் கூலி மணிக்கு 300 யென். கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டானாம், எல்லாம் சரியாகிவிட்டதாம். போலிச் சாமியார்களைப் பற்றி இவ்வளவு எழுதும் உங்களால் இந்த ஆளை எப்படி ரசிக்க முடிகிறது? "அவர் நல்லவர்மா" என்கிறான் என் மகன். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

அடுத்ததாக 'அகிரா' என்ற அனிமே படம் பார்க்கலாமா என்றும் நச்சரிக்கிறான்.

எம்.

அன்புள்ள எம்.,

ரெய்கென் ஏமாற்றுக்காரன். அதில் உங்களோடு எனக்குத் தகராறே இல்லை. வேண்டுமானால் உங்கள் குற்றப்பட்டியலில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டோவில் ஆவி தெரிகிறது என்று வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் அதை அழித்துக் கொடுக்கிறான். தோளில் ஏதோ ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு மசாஜ் செய்துவிட்டு, பேய் ஓட்டியதாகக் காசு வாங்குகிறான். கூலி விஷயம் நீங்கள் நினைப்பதைவிட மோசம். ஒன் என்ற புனைபெயர் கொண்டவர் இந்தக் கதையை மாங்காவாக, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையாக, ஷோகக்குகான் நிறுவனத்தின் 'உரா சண்டே' இணையதளத்தில் தொடங்கியது 2012இல். அந்த வருடம் ஜப்பானின் எந்த மாகாணத்திலும் 300 யென் என்பது குறைந்தபட்சக் கூலியில் பாதிகூட இல்லை. போதாததற்கு, மாப் வயதுப் பள்ளி மாணவனை முறையான அனுமதி வாங்காமல் வேலைக்கு வைப்பதே அங்கே சட்டப்படி தவறு. சிரிப்புக்காகச் சொன்ன தொகைதான். ஆனாலும் ரெய்கென் எப்படிப்பட்ட ஆள் என்பதை ஆசிரியர் ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார், எதையும் மறைக்கவில்லை.

பிறகு ஏன் ரசிக்கிறேன்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1910இல் குமமோட்டோவைச் சேர்ந்த மிஃபுனே சிஸுகோ என்ற இளம்பெண்ணுக்கு, மூடி வைத்த எழுத்தைத் திறக்காமலே படிக்கும் சக்தி இருப்பதாக டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஃபுகுராய் தொமோகிச்சி நம்பினார். டோக்கியோவில் அறிஞர்கள் முன்னால் சோதனை நடந்தது. ஈயக் குழாய்க்குள் அடைத்த எழுத்தை சிஸுகோ சரியாகப் படித்தார். ஆனால் சோதனைக்காகக் கொடுத்த குழாய் அதுவல்ல என்று தெரிந்ததும் சர்ச்சை கிளம்பியது. பத்திரிகைகள் விடவில்லை. 1911 ஜனவரியில் அந்தப் பெண் விஷம் குடித்து இறந்துபோனார். 'ரிங்' பேய்ப்படத்தில் வரும் பேயான சடாகோவின் அம்மாவுக்கு நடப்பது ஏறக்குறைய இதுதான். அப்புறம் 1974இல் மனோசக்தி இருப்பதாகச் சொல்லிக்கொண்ட இஸ்ரேலியர் யூரி கெல்லர் ஜப்பானுக்கு வந்து டிவியில் கரண்டியை வளைத்துக் காட்ட, நாடு முழுக்கப் பிள்ளைகள் கரண்டி வளைக்க ஆரம்பித்தார்கள். முதலில் அவர்களைக் கொண்டாடினார்கள். கொஞ்ச நாளிலேயே ஏமாற்றுகிறார்கள் என்று அதே பிள்ளைகளை அம்பலப்படுத்தும் வேலை நடந்தது.

சக்தி உண்மையா பொய்யா என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு இதில் கண்ணில் படுவது வேறு. நடுக்கூடத்தில் நின்றவர்கள் சின்னவர்கள். நிறுத்தி வேடிக்கை பார்த்தவர்கள் பெரியவர்கள். ஜப்பானிய மாங்காவில் மனோசக்திப் பிள்ளைகளின் கதை என்று எதை எடுத்தாலும் இந்தப் பெரியவர்கள் எங்கேயாவது இருப்பார்கள். ஒதோமோ கட்சுஹிரோவின் 'அகிரா'வில் அது ராணுவம். பிள்ளைகளின் உள்ளங்கையில் எண் குத்தி, மருந்து கொடுத்து வைத்திருக்கிறார்கள். முகமெல்லாம் கிழடுதட்டி, உடம்பு மட்டும் குழந்தையாக நிற்கும் அந்த மூன்று பேரை ஒருமுறை பார்த்தால் மறக்காது.

ரெய்கெனும் இந்த வரிசையில் வருகிற ஆள்தான். அடுத்தவன் சக்தியை வைத்துப் பிழைக்கிறான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மாப்பின் சக்தியை வளர்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. ஆரம்பத்தில் அந்தப் பொடியன் தன் சக்தியைக் கண்டு தானே பயந்துபோய் ஆபீஸுக்கு வருகிறான் இல்லையா? ரெய்கென் அப்போது தொழில் அலுத்துப்போய்க் கடையை மூடும் யோசனையில் இருக்கிறான். பையன் சொல்வதை நம்பக்கூட இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புகிறான்: சிலர் வேகமாக ஓடுவார்கள், சிலர் நன்றாகப் படிப்பார்கள், உனக்கு இது இருக்கிறது, அவ்வளவுதான், இதனால் நீ உசத்தியும் இல்லை, அதை மனிதர்கள் மேல் மட்டும் திருப்பாதே. மாப் வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொள்வது இதைத்தான். கதையின் வில்லன்களான 'கிளா' கும்பலில் உண்மையான சக்தி உள்ளவர்கள் அத்தனை பேர் இருக்கிறார்கள். ஒருவர் வாயிலிருந்தாவது இப்படி ஒரு பேச்சு வந்ததா? நீ பிறவியிலேயே மேலானவன், உலகத்தை ஆள வா என்பதுதான் அவர்களுடைய பாட்டு. சக்தி இல்லாதவன் என்பதால்தான் ரெய்கெனுக்கு அதன்மேல் பக்தி இல்லை. பையனுக்கு அது நல்லதாகப் போயிற்று.

முதல் சீசனின் கடைசிச் சண்டையை நினைத்துப் பாருங்கள். மாப்பின் மனதில் கொலைவெறி ஏறிக்கொண்டே போகிறது. அந்த நேரத்தில் ரெய்கென் சொல்வது, கஷ்டமாக இருந்தால் ஓடிவிடலாம், தப்பில்லை என்பது. சொன்னதற்காக முதுகில் வெட்டும் வாங்குகிறான். அதற்குமுன் அந்தப் பையனிடம் யாரும் ஓடலாம் என்று சொன்னதில்லை. நியாயமாகப் பார்த்தால் கூலிக்கு வைத்தவன் 'அடி' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஒரு காட்சிக்காகவே அவனுடைய உப்பு வியாபாரத்தை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகன் சொன்ன 'நல்லவர்' இரண்டாவது சீசனின் பத்திரிகையாளர் சந்திப்பு எபிசோடிலிருந்து வருகிறது. டிவியில் மாட்டிக்கொண்டு ஊரே காறித்துப்பும்போது மாப் வந்து காப்பாற்றுகிறான். பிறகு தெருவில் நடக்கும்போது, உங்களைப் பற்றி எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும், நீங்கள் நல்லவர் என்கிறான். கண் கலங்க வைக்கிற இடம்தான். ஆனால் ரெய்கென் அங்கேயும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. பையன் கொடுத்த நற்சான்றிதழைச் சத்தமில்லாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறான். என்னைக் கேட்டால் அவன் செய்ததிலேயே பெரிய தப்பு 300 யென் இல்லை, இதுதான்.

அதனால்தான் கடைசிப் பகுதியை 'சொன்னான், சரியாகிவிட்டது' என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. சுபோமி என்ற பெண்ணிடம் காதலைச் சொல்லப் போகும் வழியில் மாப் விபத்தில் அடிபடுகிறான், உள்ளே அடக்கி வைத்த இன்னொருவன் வெளியே வந்து ஊரைப் பிய்த்துப் போடுகிறான். ரெய்கென் அந்தச் சூறாவளிக்குள் நடந்துபோய்த்தான் தனக்கு எதுவுமே இல்லை என்று சொல்கிறான். அந்த நேரத்தில் அவனைச் சொல்லச்சொல்லி யாரும் நெருக்கவில்லை. பையன் தன்னை வெறுக்கலாம் என்பது தெரிந்தே சொல்கிறான். அதற்குப் பரிசாகக் கதை யாருக்கும் எதையும் அள்ளிக் கொடுக்கவும் இல்லை. மாப் போய்க் காதலைச் சொல்கிறான், அந்தப் பெண் முடியாது என்கிறாள், பையன் அழுகிறான்.

ஒரு இடத்தில் நான் உங்கள் பக்கம். ரெய்கெனிடம் காசு கொடுத்த வாடிக்கையாளர்களைக் கதை கடைசிவரை வேடிக்கையாகவே வைத்திருக்கிறது. அவர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. அதே கதைதான், மாப்பைக் கேட்காமலே அவனை மூலவராக்கி வளரும் 'சைக்கோ ஹெல்மெட்' மதத்தை அவ்வளவு கூர்மையாகக் கிண்டல் செய்கிறது. நகரத்தின் நடுவே முளைத்த ராட்சத பிராக்கோலியைக் கடவுள் மரம் என்று கும்பிடும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, சாமியார் பற்றிய கட்டுரை இனி எதற்கு என்றுகூட எனக்குத் தோன்றியது. அந்தக் கூர்மையில் கொஞ்சம் ரெய்கெனின் கல்லாப்பெட்டி பக்கமும் போயிருக்கலாம்.

மகனிடம் அவர் நல்லவர் இல்லை என்று வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். எத்தனை மணி நேரத்துக்கு எத்தனை யென் பாக்கி என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். கணக்குப் பாடமும் ஆச்சு. முடிந்தால் மாங்காவையும் வாங்கிக் கொடுங்கள், பதினாறு தொகுதி. ஒன்னின் படங்கள் கோணல்மாணலாகத்தான் இருக்கும். போன்ஸ் ஸ்டூடியோவின் அனிமேயில் கோடுகள் அப்படி நெளிந்து உருகுவது எதை வைத்து என்று அப்போது அவனுக்கே தெரியும்.

'அகிரா' இப்போது வேண்டாம். 1988இல் வந்த அந்தப் படத்தில் ரத்தம் அதிகம், ஒரு பெண்ணைத் தாக்கும் காட்சியும் இருக்கிறது, கடைசியில் டெட்சுவோ என்ற பையனின் உடம்பு ஊதிப் பெருகுவதைப் பார்த்துப் பெரியவர்களுக்கே வயிற்றைப் பிரட்டும். மூன்று நான்கு வருடம் போகட்டும். நீங்கள் வேண்டுமானால் மாங்காவை இப்போதே ஆரம்பியுங்கள். ஆறு தொகுதி, இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். படம் அதில் பாதிக் கதையைக்கூடத் தொடவில்லை.