உம்மம்மா பெட்டியில் கிடைத்த எம்பிராய்டரி டிசைன்கள்: எந்தக் காலத்தவை?

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "உம்மம்மாவின் டிரங்குப் பெட்டியில் இரண்டு பழைய எம்பிராய்டரி டிசைன் புத்தகங்களும், நீலப் புள்ளிக்கோடு போட்ட மெல்லிய தாள்களும் கிடைத்தன. ஒன்றில் டி.எம்.சி. என்று இருக்கிறது, எதிலும் வருஷம் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? லேமினேட் செய்துவிடலாமா?"

லேமினேட் மட்டும் வேண்டாம் சகோதரி. அந்தச் சூட்டில் நீல மை உருகிவிடும், ஏனென்றால் அவை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் துணியில் இறக்குவதற்கென்றே அச்சிட்ட தாள்கள். எழுத்து ஏதாவது இருந்தால் பாருங்கள், கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும். மை பிடிக்கிறதா என்று ஒரு மூலையில்கூடத் தேய்த்துப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போனில் படம் எடுத்து, அந்தப் படத்திலிருந்து நகல் வரைந்து தையுங்கள்.

வருஷம் இல்லாவிட்டால் என்ன, விலையையும் முகவரியையும் பாருங்கள். விலை அணாவில் அச்சாகியிருந்தால் அநேகமாக 1957-க்கு முந்தியது, நயா பைசா என்றிருந்தால் 1957 முதல் 1964 வரை. ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972-க்கு முன்னால் போக வழியில்லை. உங்கள் ஊரில் கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்கள் நிறைய என்பதால் பின்னட்டையில் சிலோன் கடை முத்திரையோ, சதம் என்ற இலங்கைக் காசில் விலையோ இருக்கிறதா என்றும் தேடுங்கள், அப்படியிருந்தால் அது கடல் தாண்டி வந்த புத்தகம்!

இனி டி.எம்.சி. எம்பிராய்டரி நூலுக்குப் பேர்போன கம்பெனி அது. முழுப்பெயர் டோல்ஃபஸ்-மீக் கம்பெனி, ஊர் பிரான்சின் ஆல்சேஸ் பகுதியிலுள்ள முலூஸ். 1746-ல் அவர்கள் தொடங்கியது நூல் வியாபாரம் இல்லை, இந்திய அச்சுத் துணியைப் பார்த்து அதேபோல் துணி அச்சிடுவது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கும். தையல் நூல் தொழிலுக்கு அவர்கள் அப்புறம்தான் வந்தார்கள். தெரேஸ் தெ தில்மோன் என்ற அம்மையாரின் தையல் கலைக்களஞ்சியம் 1886-ல் வெளியானது, டி.எம்.சி.யின் டிசைன் புத்தக வரிசை பெருகியது அதை ஒட்டித்தான். ஆல்சேஸ் 1871 முதல் 1918 வரை ஜெர்மனியின் கையில் இருந்தது. ஆகவே புத்தகத்தில் முலூஸ், பிரான்ஸ் என்று அச்சாகியிருந்தால் அது முதல் உலகப் போருக்குப் பிந்தியது என்று தைரியமாகச் சொல்லலாம்.

பெட்டியில் நூல் சுற்றியிருந்த காகிதப் பட்டை கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். மதுரா கோட்ஸ் என்ற பெயர் இருந்தால் அது 1974-லோ அதற்குப் பிறகோ வந்த நூல், ஏனென்றால் அந்தப் பெயர் பிறந்ததே அப்போதுதான். ஆனால் நூலின் வயது புத்தகத்தின் வயதாகாது, உம்மம்மா பிறகு வாங்கிச் சேர்த்திருக்கலாம்.

கடற்கரை ஊரில் ஈரம்தான் பெரிய எதிரி. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ரப்பர் பேண்டு, செல்லோடேப், துருப்பிடித்த ஊசி எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் மடிக்காமல் சுற்றி மர அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை நிழலில் பிரித்துப் பார்த்தால் ராமபாணப் பூச்சி வந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.