தூண்டில் மாமா பதில்கள்

கேள்வி: தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான். பெப்ரவரியில் அவனிடம் போகிறேன். சிம்கோ ஏரி உறைந்திருக்கும், பனியில் துளை போட்டு உயிர்மீனை இரையாகக் கொளுவிப் பிடிக்கலாம் என்கிறான். முகத்துவாரத்தில் நான் பாவிக்கிற, 30 இறாத்தல் பாரம் தாங்கும் தங்கூசியில் (நைலோன் தூண்டில் நூல்) புதுச் சுருள் ஒன்று கைவசம் இருக்கிறது. கொண்டு போகலாமா?
– ம.ர., வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் தம்பி, அதை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். களனி கங்கை கடலில் விழுகிற இடத்துக்கு அது சரி. ஈயத்தோடு தூர எறிய வேண்டும், கல்லில் உரசும், கொடுவா இழுத்தால் தாங்க வேண்டும். பனித்துளையில் எறிகிற வேலையே இல்லை. நேரே கீழே இறக்குகிறீர்கள், மீனும் உங்கள் காலடியில்தான்.

உயிர் இரை என்றால் முதலில் இரையைப் பாருங்கள், மீன் அப்புறம். விரல் நீளக் குஞ்சை முதுகுச் செட்டைக்குக் கீழே, முள்ளந்தண்டில் படாமல் கொளுவினால் அது நெடுநேரம் நீந்தும். அந்த நீச்சல்தான் மற்ற மீனைக் கூப்பிடுகிறது. தடித்த தங்கூசி அதைக் கட்டிப்போட்டுவிடும். போதாக்குறைக்கு, குளிரில் நைலோன் விறைத்து, ரீலில் இருந்த வளையத்தோடேயே தண்ணீருக்குள் சுருள் சுருளாக நிற்கும். சின்ன ஈயத்தால் அதை நிமிர்த்த முடியாது. மீன் வந்து தொட்டாலும் அந்தச் சுருள்தான் அசையும், உங்கள் விரலுக்கு ஒன்றும் தெரியாது. மகள் வீட்டுக்குப் போன ஒரு வின்டரில் நானும் அந்த ஏரியில் குந்தியிருந்தேன். பக்கத்துத் துளைக்காரர் நூல் மாதிரி மெல்லிசான ஒன்றில் மீனை ஏற்றிக்கொண்டே இருந்தார், எனக்கு வயிறெரிந்தது!

சிம்கோவில் அதிகம் கிடைக்கிற மஞ்சள் பேர்ச் பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள். அதற்கு 2 முதல் 4 இறாத்தல் போதும். லேக் ட்ரவுட், வைற்ஃபிஷ் என்றால் 6 முதல் 8. அந்தத் தண்ணீர் பனிக்கடியில் தெளிவாக இருக்கும், ஆகவே தூண்டில் முள்ளுக்கு மேலே இரண்டு அடிக்கு ஃபுளோரோகார்பன் நூல் கட்டுங்கள். நைலோனைவிட அது கண்ணுக்குக் குறைவாகத் தெரியும், தண்ணீரையும் உறிஞ்சாது. பின்னல் நூலை வெளியில் பாவித்தால் ஈரம் உறைந்து கம்பின் வளையங்களை அடைக்கும். ஹீற்றர் உள்ள குடில் வாடகைக்கு எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

பைக் மீனுக்கு மட்டும் கணக்கு வேறு. அதன் வாய் நம்ம சீலாவின் வாய் மாதிரி, பல் பட்டால் மெல்லிய நூல் அறுந்தே போகும். அதற்கு ‘டிப்-அப்’ வைப்பார்கள். துளைக்குக் குறுக்கே ஒரு சட்டம், தண்ணீருக்குள் நூல் உருளை, மீன் இழுத்தால் மேலே கொடி எழும்பும். அதில் 20 முதல் 30 இறாத்தல் பின்னல் நூல், நுனியில் ஒரு முழம் கம்பித் துண்டு. கம்பு இல்லாமல் கையாலேயே இழுப்பதால் தடித்த நூல்தான் விரலை வெட்டாது. உருளை தண்ணீருக்குள் இருப்பதால் உறையவும் மாட்டாது.

மெல்லிய தங்கூசிக்குப் பயந்து ரீலின் பிறேக்கை இறுக்காதீர்கள், இளக்கி விடுங்கள். முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குங்கள். துளையின் விளிம்பு நூலைச் சுரண்டும், ஆகவே ஒவ்வொரு பெரிய மீனுக்குப் பிறகும் கடைசி முழத்தை விரலால் தடவி, சொரசொரத்தால் வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டுங்கள்.

லைசென்ஸ் உங்கள் பெயரில் வேண்டும், தம்பியுடையது உங்களுக்குச் செல்லாது. இரைமீனை ஏரிக்குப் பக்கத்துக் கடையில் வாங்கி ரசீதை வைத்திருங்கள். மிஞ்சியதை ஏரியில் விடக்கூடாது, பாவம் பார்த்து விட்டாலும் குற்றம்தான்.

கேள்வி: தங்கூசி பழசானால் கெட்டுப்போகுமா மாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: வெயில் பட்டால் கெடும் பிள்ளை. கடை வாசலில் தொங்குகிற சுருளை வாங்காமல் உள்ளே பெட்டியில் இருப்பதைக் கேளுங்கள். ஒரு முழம் இழுத்து முடிச்சுப் போட்டுச் சுண்டிப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் காசைக் கொடுக்காதீர்கள்.