எரிமலைகள் அடங்கிப்போனால் பூமிக்கு நல்லதுதானே?

எரிமலைகள் எல்லாம் அடங்கிவிட்டால் நல்லதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பூமி மெல்ல மெல்ல உறைந்துபோகும்.

எரிமலை கக்கும் கார்பன் டை ஆக்சைடு நமக்கு ஒரு போர்வை. பசுமை இல்ல வாயுக்களே இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸாக இருக்கும். இப்போது சுமார் 15. ஆனால் அந்த வாயு காற்றிலேயே தங்கிவிடாது. மழைநீரில் கரைந்து, மெல்லிய அமிலமாகிப் பாறைகளை அரிக்கும். கரைந்துவரும் கால்சியமும் அந்த வாயுவில் இருந்த கார்பனும் ஆற்றோடு கடலுக்குப் போகும். அங்கே சிப்பி, பவளம், கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் எல்லாம் அவற்றை வைத்து ஓடு கட்டிக்கொள்ளும். அவை செத்தபின் ஓடுகள் அடியில் படிந்து சுண்ணாம்புப் பாறையாகும். அப்புறம் கடலடித் தட்டு கண்டத்துக்குக் கீழே செருகும்போது, அந்தக் கார்பனில் ஒரு பகுதி சூட்டில் பிரிந்து மறுபடி எரிமலை வழியாக வெளியே வரும்.

என்னை அசரவைப்பது, இது தானாகவே சரிசெய்துகொள்ளும் விதம்தான். சூடு கூடினால் மழையும் அரிப்பும் கூடி வாயு குறையும். குளிர்ந்தால் அரிப்பு மந்தமாகி வாயு சேரும். என்ன, இதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

சுமார் 72 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி கிட்டத்தட்ட முழுவதும் பனியால் மூடிக்கொண்டது. அரிப்பு ஏறக்குறைய நின்றுபோனது; எரிமலைகள் நிற்கவில்லை. அப்படிச் சேர்ந்த வாயுதான் பனியை உருக்கியது. பனி உருகியபின் அந்த வாயு மறுபடி பாறையாகப் படிந்ததற்குத் தடயமாக, நமீபியாவில் பனியாறு கொண்டுவந்து போட்ட கற்படிவுகளுக்கு நேர்மேலேயே சுண்ணாம்பு வகைக் கார்பனேட் பாறை அடுக்கு இருப்பதை இன்றும் பார்க்கலாம்.