ஜப்பானின் ஜே லீக்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஜே1, ஜே2, ஜே3 என மேலிருந்து கீழாக மூன்று பிரிவு, 2024இலிருந்து ஒவ்வொரு பிரிவுக்கும் 20 கிளப், மொத்தம் 60. ஜப்பானின் இந்தக் கால்பந்து லீக் எப்படி வளர்ந்தது, விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

செந்தில்: ஜே லீக்குக்கு முன்னால் அங்கே லீக்கே இல்லையா?

இருந்தது. 1965இல் தொடங்கிய ஜப்பான் சாக்கர் லீக். நிசான், மிட்சுபிஷி, மஸ்டா, ஃபுருகாவா எலெக்ட்ரிக் போன்ற கம்பெனிகளின் அணிகள் ஆடின. ஆட்டக்காரர்கள் அந்தந்தக் கம்பெனியின் ஊழியர்கள். வேலை நேரம் போகத்தான் பயிற்சி. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் வாங்கியதும் கூட்டம் கொஞ்ச நாள் வந்தது. பிறகு கேலரி காலி. கம்பெனிக்காரர்கள் ஆடுவதைப் பக்கத்துத் தெருக்காரர் எதற்குக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும்? 1986இல்தான் முதல் முறையாகத் தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய அனுமதித்தார்கள். 1991இல் ஜே லீக் அமைப்பு உருவானது. முதல் மேட்ச் 1993 மே 15, டோக்கியோ தேசிய ஸ்டேடியம்: வெர்டி கவாசாகி 1, யோகஹாமா மரினோஸ் 2. பார்க்க வந்தவர்கள் 59,626 பேர்.

நிவேதா: கிளப் பெயர்களில் கம்பெனி பெயரே இல்லையே? பணம் போட்டது கம்பெனிகள்தானே?

ஆமாம், அவர்கள்தான். ஆனால் முதல் தலைவர் கவாபுச்சி சாபுரோ பிடிவாதமாக நின்ற விஷயம் இது. கிளப் என்றால் ஊர் பெயரும் ஒரு செல்லப் பெயரும் மட்டும். நிசான் அணி யோகஹாமா மரினோஸ் ஆனது, மிட்சுபிஷி அணி உராவா ரெட்ஸ் ஆனது, மஸ்டா அணி சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா ஆனது. (ஜப்பானிய மொழியில் 'சான்' என்றால் மூன்று, இத்தாலிய மொழியில் 'ஃப்ரெச்சே' என்றால் அம்புகள். ஓர் அம்பை ஒடிக்கலாம், மூன்றைச் சேர்த்து ஒடிக்க முடியாது என்ற அந்த வட்டாரத்துப் பழங்கதையிலிருந்து வந்த பெயர்.) வெர்டியை நடத்திய யோமியுரி பத்திரிகைக் குழுமம் தன் பெயர் வேண்டும் என்று வெளிப்படையாகவே சண்டை போட்டது. லீக் மசியவில்லை.

இதில் உணர்ச்சியைவிடக் கணக்கு அதிகம். கம்பெனிக்கு நஷ்டம் வந்தால் முதலில் வெட்டு விழுவது விளையாட்டு அணிக்குத்தான். ஊர் பெயர் இருந்தால் நகராட்சி ஸ்டேடியம் தரும், உள்ளூர்க் கடைகள் ஸ்பான்சர் ஆகும், முதலாளி மாறினாலும் ரசிகர்கள் மாற மாட்டார்கள்.

காஷிமாவைப் பாருங்கள். சுமார் 45,000 பேர் வாழ்ந்த உருக்காலை ஊர். சுமிடோமோ மெட்டல் அணி அங்கே இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. சேர்க்க வாய்ப்பே இல்லை என்றுதான் கவாபுச்சி முதலில் சொன்னார். கூரையோடு 15,000 பேர் அமரும், கால்பந்துக்கு மட்டுமான ஸ்டேடியம் இருந்தால் பேசலாம் என்றார். கட்டிவிட்டார்கள். பிரேசில் நட்சத்திரம் ஜீக்கோவைக் கூட்டி வந்தார்கள். 1993 மே 16 அன்று முதல் மேட்சில் அவர் மூன்று கோல் அடிக்க, இங்கிலாந்து நட்சத்திரம் லினேகர் இருந்த நகோயா 5-0 என்று தோற்றது. இன்று 9 முறை லீக் பட்டம் வென்று பட்டியலில் முதலிடத்தில் இருப்பது காஷிமா ஆன்ட்லர்ஸ்தான். ஒன்பதாவது பட்டம் 2025இல் வந்தது.

ஜெகன்: ஆரம்ப மோகம் அடங்கிப்போனதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1994இல் மேட்சுக்குச் சராசரி 19,598 பேர். 1997இல் 10,131. மூன்றே ஆண்டில் கிட்டத்தட்டப் பாதி. புதுமை தேய்ந்தது ஒரு காரணம். பொருளாதாரம் படுத்து ஸ்பான்சர்கள் கையை இறுக்கியது இன்னொன்று. அணிகளை வேகமாகக் கூட்டியது மூன்றாவது.

பெரிய அடி 1998 அக்டோபரில் விழுந்தது. யோகஹாமா ஃப்ளூகெல்ஸ் கிளப்பை நடத்திய இரண்டு கம்பெனிகளில் ஒன்று கைவிரிக்க, மிஞ்சிய விமான நிறுவனம் கிளப்பை மரினோஸோடு இணைப்பதாக அறிவித்தது. ரசிகர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அணி கலைவதற்கு முன் ஆடிய கடைசி மேட்ச், 1999 ஜனவரி 1, பேரரசர் கோப்பை இறுதி. ஷிமிசுவை 2-1 என்று வென்று, கோப்பையோடு காணாமல் போனது. யோகஹாமா எஃப். மரினோஸ் பெயரில் நிற்கும் அந்த 'எஃப்' ஃப்ளூகெல்ஸின் மிச்சம். அதை ஏற்காத ரசிகர்கள் பணம் திரட்டித் தொடங்கியதுதான் யோகஹாமா எஃப்சி; 2001இல் ஜே2, 2007இல் ஜே1 வரை ஏறியது.

ஏறக்குறைய அதே நேரத்தில் லீக் செய்தவை: 1999இல் ஜே2 தொடக்கம், ஏற்றம்-இறக்கம் (முன்னணி அணிகள் மேல் பிரிவுக்கும் கடைசி அணிகள் கீழ்ப் பிரிவுக்கும் மாறுவது), சம்பள வரம்பு, பிறகு ஒவ்வொரு கிளப்பின் வரவு செலவையும் ஆண்டுதோறும் வெளியிடும் பழக்கம். 2019இல் ஜே1 சராசரி 20,751க்கு வந்தது. நட்சத்திரங்கள் கொண்டு வந்த கூட்டம் 3 ஆண்டில் போனது. கணக்கு வழக்கு கொண்டு வந்த கூட்டம் திரும்ப 20 ஆண்டு ஆனது, ஆனால் போகவில்லை.

ரஃபீக்: 1990களின் புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. டிராவே இல்லையே!

டிரா கிடையாது என்பதே அப்போதைய விதி. 90 நிமிடத்தில் முடியாவிட்டால் கூடுதல் நேரம், அதில் முதல் கோல் அடித்தவர் வெற்றி, இல்லையென்றால் பெனால்டி ஷூட்அவுட். புள்ளிக் கணக்கு இப்படி மாறியது:

1993, 94: வெற்றிகளின் எண்ணிக்கையே வரிசை.
1995, 96: எப்படி வென்றாலும் 3, பெனால்டியில் தோற்றால் 1.
1997, 98: 90 நிமிட வெற்றி 3, கூடுதல் நேர வெற்றி 2, பெனால்டி வெற்றி 1.
1999 முதல் 2002 வரை: பெனால்டி போனது, 90 நிமிட வெற்றி 3, கூடுதல் நேர வெற்றி 2, டிரா 1.
2003 முதல்: உலகம் முழுக்க உள்ள 3-1-0.

ஆகவே 1998இன் 60 புள்ளியையும் 2008இன் 60 புள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பேசாதீர்கள். இன்னொரு குழி: 1996 தவிர 2004 வரையும், மறுபடி 2015, 16லும் சீசன் இரண்டு கட்டமாக, தனித்தனிப் பட்டியலோடு நடந்தது. மொத்தப் புள்ளியில் முதலிடம் வந்தவர் சாம்பியனாக இருக்க வேண்டும் என்பதில்லை.

கார்த்திகா: ஜே2இல் முன்னணியில் முடித்தும் ஓர் அணி மேலே போக முடியாது என்று படித்தேன். அநியாயமாக இல்லையா?

லீக் தரும் லைசென்ஸ் இல்லாவிட்டால் முடியாது. 2013 சீசனிலிருந்து இது நடைமுறை. 2025 வரை இருந்த பிப்ரவரி-டிசம்பர் சீசனில் கிளப்கள் ஜூன் இறுதிக்குள் விண்ணப்பம் போட்டன, செப்டம்பரில் முடிவு வந்தது. ஐந்து தலைப்பு: விளையாட்டு, வசதி, ஆட்கள், சட்டம், நிதி. விளையாட்டு என்றால் சிறுவர் அணிகள் வைத்திருப்பதும் சேரும். வசதி என்றால் ஜே1க்கு 15,000 இருக்கை, ஜே2க்கு 10,000, 1,500 லக்ஸ் விளக்கு; 1,000 பார்வையாளருக்கு எத்தனை கழிப்பறை என்ற கணக்கு வரை உண்டு. நிதியில் இரண்டு பொறி: தொடர்ந்து மூன்று ஆண்டு நஷ்டம் காட்டக் கூடாது, சொத்தைவிடக் கடன் அதிகமாகக் கூடாது. கொரோனா காலத்தில் மட்டும் இந்த இரண்டிலும் தளர்வு கொடுத்தார்கள்.

இதில் மாட்டியவர்கள்: கிராவன்ஸ் கிடாக்யூஷு 2014இல் ஜே2இல் 5ஆம் இடம். ஸ்டேடியம் சிறியது, பிளே ஆஃப் (மேலே ஏறும் கடைசி இடத்துக்கான கூடுதல் மேட்சுகள்) ஆட அனுமதி இல்லை. புது ஸ்டேடியம் 2017இல் திறந்தபோது அணி ஜே3க்கு இறங்கியிருந்தது. மச்சிடா ஜெல்வியா 2018இல் 4ஆம் இடம், அதே காரணம், அதே கதவடைப்பு. மச்சிடா கேலரியை விரிவாக்கி, 2023இல் ஜே2 சாம்பியனாகி, 2024இல் ஜே1இன் முதல் சீசனிலேயே 3ஆம் இடம் பிடித்தது.

அநியாயம்தான், ஆட்டக்காரர்களுக்கு. ஆனால் விதியைத் தளர்த்தியிருந்தால் எந்த நகராட்சியும் கேலரி கட்டப் பணம் ஒதுக்கியிருக்காது.

பிரபு: ஆறாம் இடத்தில் முடித்தவர் ஜே1க்கு ஏற வாய்ப்பு உண்டா?

உண்டு. முதல் இருவர் நேராக ஏறுவார்கள்; 3 முதல் 6 வரை பிளே ஆஃப். ஒரே மேட்ச், மேல் இடத்தில் முடித்தவரின் மைதானத்தில். டிரா ஆனால் மேல் இடத்துக்காரர் முன்னேறுவார். கீழே இருப்பவர் ஜெயித்தே ஆக வேண்டும்.

இந்த முறையின் முதல் ஆண்டு 2012. ஒய்டா டிரினிடா 6ஆம் இடம். அந்தக் கிளப்பின் கதை மைதானத்துக்கு வெளியே தொடங்குகிறது. 2008இல் லீக் கோப்பை (லீக் பட்டம் அல்ல, தனிப் போட்டி) வென்றது. அடுத்த ஆண்டே கடனில் மூழ்கி லீக்கின் அவசர நிதியிலிருந்து கடன் வாங்கியது, ஜே2க்கும் இறங்கியது. லீக்கிடம் வாங்கிய கடன் தீராமல் ஜே1 கிடையாது என்பது நிபந்தனை. 2012 சீசன் முடியும் தறுவாயில், ரசிகர்களும் உள்ளூர் நிறுவனங்களும் மாகாண நிர்வாகமும் பணம் சேர்த்து அக்டோபரில் பாக்கியை அடைத்தார்கள். நவம்பர் 23 இறுதி மேட்சில் எதிரே 5ஆம் இடத்து ஜெஃப் யுனைடெட். டிரா போதும் அவர்களுக்கு. 86ஆவது நிமிடம், மாற்று ஆட்டக்காரர் ஹயாஷி டாகெனோரி கோல்கீப்பர் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிவிட்டார். 1-0.

அடுத்த ஆண்டு ஜே1இல் ஒய்டா 34 மேட்சில் ஜெயித்தது இரண்டு. 14 புள்ளியோடு கடைசி இடம். காசில்லாமல் ஏறினால் நடப்பது அதுதான்.

அருண்: சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு? இளைஞர்கள் எல்லாம் ஐரோப்பாவுக்கு ஓடுகிறார்களே?

1999இல் வந்த ஏ-பி-சி ஒப்பந்த முறைதான் வேர். புதிதாக வருபவர் 'சி' ஒப்பந்தம். ஆண்டுக்கு அதிகபட்சம் 46 லட்சம் யென். ஜே1இல் 450 நிமிடம் (ஜே2 என்றால் 900) ஆடிய பிறகே 'ஏ' ஒப்பந்தம் கிடைக்கும், அதன் முதல் ஆண்டுக்கும் 67 லட்சம் யென் உச்சவரம்பு. திவாலாகும் கிளப்களைக் காப்பாற்ற வந்த மருந்து. காய்ச்சல் போன பிறகும் விடாமல், மொத்தம் 25 ஆண்டுக்கும் மேல் குடித்தார்கள். 2026இல்தான் நிறுத்தினார்கள். இப்போது குறைந்தபட்சச் சம்பளம் ஜே1க்கு 48 லட்சம், ஜே2க்கு 36 லட்சம், ஜே3க்கு 24 லட்சம் யென்; புதியவருக்கு உச்சவரம்பு 1.2 கோடி. என் கணிப்பில் ஓட்டம் இதனால் நிற்காது, கிளம்பும் வயது கொஞ்சம் தள்ளிப்போகலாம்.

ஒரு எச்சரிக்கை. ஜப்பானியச் செய்திகளில் 'ஒகு' என்று வருவது 10 கோடி. மொழிபெயர்ப்பில் அதை ஒரு கோடி என்றோ நூறு கோடி என்றோ போட்டுவிடுகிறார்கள். சம்பளம், டிரான்ஸ்ஃபர் தொகை படிக்கும்போது பூஜ்யத்தை எண்ணிக்கொள்ளுங்கள்.

தீபா: இணைய ஒளிபரப்பு நிறுவனமான டாஸோன் தரும் பணம் எவ்வளவு? யாருக்குப் போகிறது?

2017இல் தொடங்கிய முதல் ஒப்பந்தம் 10 ஆண்டுக்குச் சுமார் 21,000 கோடி யென். தொகையைவிட முக்கியம் இன்னொன்று: மேட்ச் படப்பிடிப்பை அப்போதிருந்து லீக்கே செய்கிறது, காட்சிகளின் உரிமை லீக்கிடம். கிளப்கள் கோல் வீடியோவைத் தங்கள் பக்கத்தில் உடனே போட முடிந்தது அதனால்தான். ஜே1 சாம்பியனுக்குப் பரிசு 30 கோடி யென் ஆனது.

பணம் கொட்டியதும் ஸ்பெயின் நட்சத்திரம் இனியெஸ்டா போன்றவர்கள் வந்தார்கள். விஸ்ஸெல் கோபெ 2019இல் 1,144 கோடி யென் வருவாய் காட்டியது, பெரும்பங்கு ஸ்பான்சர் பணம். ஆனால் லீக் பட்டம்? 2023 ஜூலையில் இனியெஸ்டா விடைபெற்ற பிறகு, அந்த ஆண்டு முடிவில் வந்தது.

யாசின்: வெளிநாட்டவர் எத்தனை பேர் ஆடலாம்?

2019 விதிப்படி ஜே1 மேட்ச் அணியில் 5, ஜே2, ஜே3இல் 4. தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா, மலேசியா போன்ற கூட்டாளி நாட்டவர் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். தாய்லாந்தின் சனாதிப் சப்போரோவுக்கு ஆடி 2018இல் சீசனின் சிறந்த பதினொருவரில் இடம் பிடித்தார். அந்தச் சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை.

மாலதி: 2026இல் சீசனையே மாற்றுகிறார்களாமே? பனியில் எப்படி ஆடுவார்கள்?

பிப்ரவரி முதல் டிசம்பர் தொடக்கம் வரை நடந்த சீசன், 2026-27 முதல் ஆகஸ்டில் தொடங்குகிறது. காரணம் மூன்று. ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் ஆட்டக்காரர்கள் ஓடும் தூரம் குறைகிறது. ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2023-24இலேயே இந்தக் காலண்டருக்கு மாறிவிட்டது. அதனால் ஒரு கிளப் அந்த ஒரே கோப்பையை, நடுவில் ஜப்பான் சீசன் மாறி, வேறு ஆட்டக்காரர்களோடு ஆட வேண்டிய நிலை. ஐரோப்பாவின் கோடை டிரான்ஸ்ஃபர், ஜப்பான் சீசனின் நடுவில் விழுந்து அணியை உடைக்கிறது.

பனிக்குப் பதில்: டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை இடைவேளை. அதாவது மேட்ச் இல்லாத குளிர்கால நாட்கள் பழைய காலண்டரைவிடச் சில வாரம்தான் குறைகின்றன. ஆனாலும் நிகாத்தா கிளப் வெளிப்படையாகவே எதிர்த்தது. மேட்சைவிடப் பயிற்சிதான் அவர்கள் கவலை. பனி மூடிய மைதானத்தில் ஜனவரியில் அணியைத் தயார்செய்ய முடியாது, தெற்கே முகாம் போக வேண்டும், அதற்குச் செலவு.

இடைப்பட்ட 2026 பிப்ரவரி-ஜூனுக்கு ஒரு தனிப் போட்டி. ஜே1 கிளப்கள் கிழக்கு, மேற்கு என்று பத்துப் பத்தாகப் பிரிந்தன, ஏற்றம்-இறக்கம் கிடையாது. அதில் டிராவும் கிடையாது: 90 நிமிட வெற்றி 3, பெனால்டி வெற்றி 2, பெனால்டி தோல்வி 1. ரஃபீக், உங்கள் தலை சுற்றல் இன்னும் முடியவில்லை!

செந்தில் (மறுபடி): வழக்கமான சீசனில் இரண்டு அணிக்கும் ஒரே புள்ளி என்றால்?

முதலில் கோல் வித்தியாசம், அடுத்து அடித்த கோல்கள், அதற்கும் பிறகு இருவரும் மோதிய மேட்சுகளின் கணக்கு. ஸ்பெயின் லீக் பார்த்துப் பழகியவர்கள் நேரடி மோதலை முதலில் வைத்துக் கணக்குப் போட்டுக் கடைசி வாரத்தில் ஏமாறுவார்கள். ஜே1இல் இறங்குவது கடைசி மூவர், 18 முதல் 20 வரை. டேபிளில் 17க்குக் கீழே ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் பார்க்கச் சுலபம்.