டிரைவர் இல்லாத ஆம்புலன்ஸுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் இருக்கிறோம். அப்பா இதய நோயாளி. டிரைவர் இல்லாமல் ஓடும் ஆம்புலன்ஸ் வரப்போகிறது, 3,000 ரூபாய் கட்டி உறுப்பினராகுங்கள் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். அப்பாவோ ஆளில்லாத வண்டியில் ஏற மாட்டேன் என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: சம்மதிக்க வைக்க வேண்டாம். பணமும் கட்டாதீர்கள். கட்டியிருந்தால் ரசீதோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். டிரைவரில்லாத கார்களையே இந்தியாவுக்குள் விட மாட்டேன் என்று 2023-இல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். இங்கே ஆம்புலன்ஸுக்கே ஆள் சேர்க்கிறார்கள்!

அப்பாவின் பயம் பட்டிக்காட்டுப் பயம் இல்லை. டிரைவரில்லா டாக்சி ஓடும் அமெரிக்காவிலேயே, 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், மனிதர் ஓட்டும் ஆம்புலன்ஸில் போகத்தான் மக்கள் அதிகம் விரும்பினார்கள். நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. விடுமுறை நாளில் பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கடலோடு செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இயந்திரம் அவர்களுக்குப் பின்னால் ஒழுங்காக நிற்கும். 108-இன் பைலட் (டிரைவரை அப்படித்தான் அழைக்கிறார்கள்) தலையை வெளியே நீட்டி நாலு வார்த்தை கத்துவார், வழி பிறக்கும். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் சட்டம் திருத்தினார்கள். அந்தப் பாலத்தில் யாரிடம் வசூலித்தார்கள் என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். அப்புறம், மாடியிலிருந்து ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடித்து இறக்குவது யார்? அதுவும் பைலட்தான்.

'தானாக பிரேக் பிடிக்கும்' என்று விற்கிற கார்களை இதோடு குழப்பாதீர்கள். அதில் டிரைவர் இருந்தே ஆக வேண்டும்.

108 இலவசம், 2008 முதல் ஓடுகிறது. ஆனால், தனியார் மருத்துவமனையிலிருந்து மதுரைக்கு மாற்றும்போது பெரும்பாலும் தனியார் வண்டிதான் பிடிக்க வேண்டியிருக்கும். நூறு கிலோமீட்டருக்கு மேல். வாசலில் நிற்கும் தரகர் 'ஆக்சிஜன் உண்டு' என்பார். சிலிண்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கூட வருபவர் பயிற்சி பெற்றவரா, வாடகை எவ்வளவு, திரும்பி வரும் தூரத்துக்கும் கேட்பார்களா, எல்லாவற்றையும் ஏறும் முன்பே பேசி எழுதி வாங்குங்கள். பதற்றத்தில் யாரும் கேட்பதில்லை என்பதுதான் அவர்கள் பிழைப்பு.

இப்போதே வீட்டு அடையாளம், அப்பா சாப்பிடும் மாத்திரைகள் இரண்டையும் ஒரு தாளில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டுங்கள். 108-ஐ அழைத்ததும் ஒரு பையனை மெயின் ரோட்டுக்கு அனுப்பி நிற்க வையுங்கள்.